முதல் தயிர் எங்கிருந்து வந்தது

மைக்கேல்சாமி வாத்தியாருக்குத் தயிர் ஆகாது. சின்ன வயதிலிருந்தே சளித் தொந்தரவு. மோர்கூடச் சித்திரை வைகாசியில் மட்டும்தான். அப்படிப்பட்ட மனிதர், மனைவி போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதமாக, ஒரு நாள் தவறாமல் சாயங்காலம் கால் லிட்டர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, மறுநாள் அந்தத் தயிரில் ஒரு கரண்டியை அடுத்த உறைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தானே சாப்பிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தார் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர், கீரனூருக்கும் ஆவூருக்கும் நடுவே மினி பஸ் வந்து திரும்பிப் போகிற ஒரு கிறிஸ்தவ ஊர். எண்பது வீடு, ஒரு கோவில், ஒரு கல்லறைத் தோட்டம். அந்த எண்பது வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாத ஒரே ஆள் இவர்தான். கீரனூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் இவர் தலை மறைந்ததும், "சாமி இல்லைங்கிறவருக்கு வச்ச பேரப் பாரு" என்று சிரித்துக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். பேர் வைத்தது எங்க அப்பா, அதுக்கு நான் என்ன செய்ய என்பார்.

சாமி அவரை விட்டுப் போனது பத்து வயதில். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில், ஆண்டவர் முதல் நாள் வெளிச்சத்தைப் படைத்தார், நாலாம் நாள் சூரியனைப் படைத்தார் என்று உபதேசியார் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் எழுந்து, "அப்ப மொத மூணு நாளும் வெளிச்சம் எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று கேட்டான். பதிலாக வந்தது புளியங்குச்சி. முழங்காலுக்குக் கீழே நாலு தடிப்பு. ரொம்ப வருஷம் கழித்தும் அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா நான் இன்னைக்கும் கோவிலுக்குப் போய்க்கிட்டிருப்பேன்."

சூசைமேரி ஆவூர்க்காரி. பத்தாவது வரை படித்தவள். எண்பத்து நாலில் பெண் பார்க்கப் போன இடத்திலேயே இவர் பட்டென்று சொல்லிவிட்டார்: தாலி கட்டக் கோவிலுக்கு வருவேன், அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடக் கூடாது. பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து பெண்தான் சரி என்று சொல்லி அனுப்பினாள். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள். முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, கிறிஸ்துமஸ் அன்றுகூட, வாங்க என்று கூப்பிட்டதில்லை. ஆனால் வாதாட மாட்டேன் என்று அவள் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். இவர் முன்னறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியில் பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

"ஏங்க, இந்த ஒலகம் தானாவே வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறீங்களாமே, நெசமா?"

"ஆமா. ரொம்பச் சின்னதா, ரொம்பச் சூடா இருந்துச்சு. பெருசாச்சு, ஆறிச்சு. அவ்வளவுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடின்னு ஒண்ணு கிடையாது. காலமே அங்கதான் ஆரம்பிக்குது. பஸ் கெளம்புற எடம்தான் ஒண்ணாம் நம்பர் ஸ்டேஜ். அதுக்கு முந்தின ஸ்டேஜுக்கு டிக்கெட் குடுன்னு கண்டக்டர்ட்ட கேப்பியா?"

"ஸ்டேஜ் இல்லைன்னா போகுது. பஸ் எங்கிட்டிருந்துங்க வந்துச்சு? டெப்போவுலருந்துதானே?"

வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றார். அவர் வளர்ந்த வீட்டில் ஆம்பிளைகள் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவள் பால் பாத்திரத்தைக் காட்டினாள். "இதை உறைய வைக்க நேத்தைய தயிர் வேணும். நேத்தையதுக்கு முந்தாநேத்தையது. எங்க ஊர்லருந்து வரும்போது எங்க அம்மாகிட்ட வாங்கி ஒரு சம்புடத்துல கொண்டாந்தேன், அந்த வழி இது. எங்க அம்மாவுக்கு அவுக அம்மா குடுத்தது. இப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருங்க. மொதத் தயிர யாரு குடுத்தா? பாலு தானா தயிராகுமா? பாலு இல்லாத ஒண்ணு வந்து விழுந்தாத்தானே ஆகும். அந்த ஒண்ணத்தான் நாங்க ஆண்டவருங்கிறோம்."

 அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சுண்டுவிரலைப் பாலில் வைத்துப் பார்த்து, "போதும்" என்று சொல்லி ஒரு கரண்டி தயிரை விட்டு மூடிவிட்டாள். போதும் என்று அவள் சொன்னது சூட்டைத்தான். ஆனால் அன்றைய பேச்சும் அதோடு முடிந்தது.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. பால் இறக்கியதிலிருந்து இளஞ்சூட்டுக்கு வர அரைமணி நேரம், வெயில் காலத்தில் கொஞ்சம் கூட. அந்த அரைமணி நேரத்துக்கு உலகம் எப்படி உண்டாயிற்று என்று இருவரும் சண்டை போடுவார்கள். வாத்தியாருக்கென்று ஒரு ஸ்டூல் அடுப்படி வாசலில் வந்து சேர்ந்தது. அவள் விரலை வைத்துப் போதும் என்றால் கச்சேரி கலைந்துவிடும். பால் எந்த நேரத்தில் ஆறும் என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும் என்பதால் கடைசி வார்த்தையும் பெரும்பாலும் அவளுடையதாகவே இருந்தது. சூடான பொருள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஆறும் என்று விதி இருக்கிறது, நீ அவசரப்படுகிறாய் என்று சொல்லிப் பார்த்தார். விதி பாலுக்குத்தானே, என் வெரலுக்கு இல்லையே என்றாள்.

இரண்டாம் வருஷம் ஒரு தடவை அவர் சுத்தமாக ஜெயித்தார். காய்ந்த மிளகாயின் காம்புகளைப் பத்துப் பன்னிரண்டு கிள்ளி வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடி வைத்தார். பழைய தயிர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. காலையில் கட்டித் தயிர். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்து, "இப்ப சொல்லு. மொதத் தயிர் தானாவே வரும். யாரும் குடுக்க வேண்டாம்" என்றார். அவள் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. காம்புல யாருங்க வச்சா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போலத் தன் தயிரிலிருந்தே உறை ஊற்றினாள்.

மகன் ஆண்ட்ரூஸ் பள்ளிக்கூடம் போகிற வயதில் மூவரும் சித்தன்னவாசல் போனார்கள். குகையின் மேற்கூரையில் தாமரைக் குளமும் மீனும் வாத்தும் யானையும் வரைந்திருப்பதைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்: படம் இருந்தால் வரைந்தவன் இருப்பான். வாத்தியார் காத்திருந்தவர் மாதிரிச் சிரித்தார். இந்தக் குகையில் இருந்தவர்கள் சமணர்கள், உலகத்தை ஒருத்தரும் படைக்கவில்லை என்பது அவர்கள் கொள்கை என்றார். தொலைந்தாள் என்றுதான் நினைத்தார். அவள் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "வரைஞ்சவக அப்படிச் சொன்னாக, சரி. படம் அப்படிச் சொல்லுமா?" என்றாள். அவர் பையன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் பிடிக்க இறங்கினார்.

இன்னொரு நாள் சூட்டை எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் கூடுனா திரிஞ்சு போகுது. கொஞ்சம் கொறஞ்சா உறைய மாட்டேங்குது. ஒரு கிண்ணித் தயிருக்கே வெரல வச்சுப் பாக்க ஒரு ஆளு வேண்டியிருக்கு. இம்புட்டுப் பெரிய ஒலகம் வெரல் வைக்காமலா உறைஞ்சுச்சு?" கோடிக்கணக்கான கிண்ணத்தில் பால் வைத்தால் ஏதாவது ஒன்று தானாகவே சரியான சூட்டில் உறையும், அந்தக் கிண்ணத்தில்தான் நாம் இருக்கிறோம் என்றார் இவர். "மத்த கிண்ணியெல்லாம் எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள். "பால் ஆறிடுச்சு, உறைய ஊத்து" என்று இவர்தான் அன்றைக்குப் பேச்சை முடித்தார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். தொண்ணூறுகளில் புதுக்கோட்டை நூலகத்தில் ஒரு விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. பிரபஞ்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற எண்ணத்தை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் பெல்ஜியம் நாட்டு ஆள்; அதுவும் கத்தோலிக்கக் குருவானவர். பூசை வைக்கிற சாமியார். வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் ஒரு மாதத்துக்குத் தலை நிமிர முடியாது. நேர்மை நேர்மை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிற மனிதர் அதைக் கடைசிவரை அவள் காதில் போடவே இல்லை.

மார்ச் மாதம், தவக்காலத்தில், சூசைமேரி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். தலையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கோவில் மணி துக்கத்துக்கு அடித்தது. வாத்தியார் அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தின் கேட் வரை போனார். உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதையும் நம்பாமல் உள்ளே போய் நிற்பது அவளுக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு அவள் தன் மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற உள்ளே போகும்போது அவர் பேப்பரோடு நின்ற இடம் அதுதான்.

சொந்தக்காரர்கள் கிளம்புகிற நாளில் ஒரு பெண் ஃப்ரிட்ஜைத் துடைக்கிறேன் என்று உள்ளே இருந்த தயிர்க் கிண்ணத்தைத் தொட்டிப் பக்கம் கொண்டு போனாள். அதைப் பார்த்ததும் வாத்தியார் எழுந்து ஓடி அதைப் பிடுங்கிக்கொண்டார். சூசைமேரி கடைசியாக ஊற்றிய உறை. அவள் விரல் பட்ட பால். எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பரிமளாவிடம் கால் லிட்டர் பால் வாங்கிக் காய்ச்சினார்.

அதிலிருந்து அதுதான் அவர் வேலை. ஆவூரிலிருந்து சம்புடத்தில் வந்த வழி, அவள் அம்மா, அம்மாவின் அம்மா, அந்த வழி இவர் கையில் அறுந்துவிடக் கூடாது. எந்தத் தயிரும் தயிர்தான், எல்லாம் நுண்ணுயிர்தான் என்று முப்பத்தொன்பது வருஷம் வாதாடிய மனிதருக்கு இது எவ்வளவு பெரிய சரிவு என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் செய்தார். பெங்களூரிலிருந்து ஆண்ட்ரூஸ் வாரம் ஒரு முறை கூப்பிடுவான்.

"அப்பா, தனியா அங்க என்ன செய்றீங்க. இங்க வந்துருங்க."

"வாரேன்டா. வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு."

"என்ன வேலை?"

தயிருக்கு உறை ஊற்றுகிற வேலை என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. பென்ஷன் ஆபீஸ், வீட்டு வரி என்று எதையாவது சொல்லி வைப்பார். ஒரு நாள் ஊரை விட்டுப் போனாலும் அன்றைய உறை தவறிவிடும். அதனால் அவர் திருச்சிக்குப் போனாலும் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். சாயங்காலம் பாலை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்காருவார். அந்த அரைமணி நேரம்தான் தாங்க முடியாது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. ரேடியோ போட்டுப் பார்த்தார், அது யாரோ யாரிடமோ பேசுவதாக இருந்தது, நிறுத்திவிட்டார்.

அக்டோபர் கடைசியில் அடைமழை பிடித்தது. குளிரில் தயிர் சரியாக உறையவில்லை. இரண்டு நாள் கொழகொழவென்று பாலும் தயிருமாக நின்றது. வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது. தன் விரலை நம்பாமல், ஓய்வு பெற்ற அன்று லேப் உதவியாளர் ஞாபகத்துக்குக் கொடுத்த பழைய பாதரசத் தெர்மாமீட்டரைப் பீரோவிலிருந்து எடுத்தார். பாலில் விட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு டிகிரி வந்தது. கணக்காக அதுதான் வேண்டிய சூடு. உறை வலுவாக இருக்கட்டும் என்று இருந்த தயிர் முழுவதையும், வழித்து, அதிலேயே விட்டார். அடுத்த நாளைக்கென்று ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை.

காலையில் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் தண்ணீர், கீழே திரிதிரியாகப் பால். அவர் ஒன்றும் புரியாமல் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுப்படி வெப்பம் எட்டு டிகிரி என்று காட்டியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எட்டு டிகிரி. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதரசக் கம்பி அறுந்து ஒரு துண்டு மேல் நுனியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கிற சூட்டைவிட இருபது டிகிரி குறைவாகக் காட்டியிருக்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளவெடுங்கள் என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவள் சுண்டுவிரல் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அடக்கத்தன்று அழாத மனிதர் அன்று அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதார். அலமாரியில் காய்ந்த மிளகாய் டப்பா இருந்தது. காம்பைக் கிள்ளிப் போட்டால் நாளைக்கே தயிர் கிடைக்கும். ஆனால் அது வெறும் தயிர். அவர் ஜெயித்த தயிர். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மழை விட்டதும் ஒரு யோசனை வந்தது. பக்கத்து வீட்டோடு தயிர்ப் போக்குவரத்து எப்போதும் உண்டு. கிண்ணம் கைமாறுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அப்படியானால் ஆவூர் வழி அங்கே உயிரோடு இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தோடு போனார். பரிமளா கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். பால் இன்னும் கறக்கலையே."

"பாலுக்கு வரலம்மா. மேரி ஒனக்கு உறைக்குத் தயிர் குடுக்கும்ல, அந்த வழியில வந்தது இப்ப ஒங்க வீட்டுல இருக்கா?"

"அக்கா எனக்கா?" என்று சிரித்தாள் பரிமளா. "நானுல்ல சார் அக்காவுக்குக் குடுப்பேன்." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு வாளியைக் கீழே வைத்தாள்.

வாத்தியார் நகரவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் வருவாக சார். விருந்தாளி வந்தா இருக்கறதெல்லாம் ஊத்திருவாக. உறைக்கு எடுத்து வைக்க மறந்துரும். கொல்லை வழியா வந்து வாங்கிக்கிட்டுப் போவாக. எனக்கு முன்னாடி எங்க மாமியாகிட்ட."

"அப்ப அந்த ஆவூர்த் தயிரு?"

"அது…" அவள் தயங்கினாள். "கல்யாணமாகி வந்த அன்னைக்கே பஸ்ஸுல சம்புடம் சாஞ்சு சீலையெல்லாம் கொட்டிப்போச்சாம் சார். வெறும் சம்புடத்தத்தான் கொண்டாந்தாக. அன்னைக்கே எங்க மாமியாகிட்டத்தான் வந்து வாங்கியிருக்காக. மாமியா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல ஒருத்தரும்?"

"அக்காதான் சத்தியம் வாங்கியிருந்தாக. 'சார்ட்ட மட்டும் சொல்லிராத பரிமளா. தெரிஞ்சா அவரு ஜெயிச்சிருவாரு. ஜெயிச்சுட்டா அப்பறம் அடுப்படிப் பக்கம் எதுக்கு வரப்போறாரு'ம்பாக."

 பிறகு வாத்தியார், வாத்தியார் என்பதால், கேட்டார்: "சரி, ஒங்க தயிரு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"எங்களதா? அது தீந்தா கீரனூருக் கடையில பாக்கெட்டு வாங்கி ஊத்துறதுதான் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. முப்பத்தொன்பது வருஷமாக ஆண்டவரிடமிருந்து வந்த தயிர் கீரனூர்ப் பாக்கெட்டிலிருந்து வந்திருக்கிறது. பரிமளா கொடுத்த ஒரு கரண்டித் தயிரோடு வீட்டுக்குள் நுழைந்தவர், அதே சிரிப்போடு அடுப்படியைப் பார்த்து, "மேரி, மாட்டிக்கிட்டியா" என்றார். வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு முகத்திலேயே அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. ஜெயித்ததைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் இல்லை. சாவு என்றால் என்ன என்று அவருக்கு எட்டு மாதம் கழித்து அப்போதுதான் முழுசாக விளங்கியது.

மூன்றாம் நாள், நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியது. வாத்தியாரும் போனார். கேட்டில் நின்றார். எல்லாரும் ஜெபம் முடிந்து கலையும்வரை நின்றுவிட்டு, பத்து வயதுக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே போனார். மழை ஈரத்தில் மண் செருப்பில் ஒட்டியது. அவள் கல்லறையில் மகன் வைத்த சிமெண்டுச் சிலுவை, யாரோ ஏற்றிவிட்டுப் போயிருந்த இரண்டு மெழுகுவத்தி. நீ தோத்துட்ட என்று சொல்லத்தான் வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் போய் நின்றபோது அதில் அர்த்தமில்லை என்று பட்டது. தோற்றது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே தினமும் ஆட வந்திருக்கிறாள், இவர் ஸ்டூலில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக.

குனிந்து, சாய்ந்திருந்த ஒரு மெழுகுவத்தியை நேராக வைத்தார்.

"மேரி, ஒனக்கு ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன்" என்றார். "அந்தப் பெருவெடிப்பை மொதல்ல சொன்னவரு ஒரு சாமியாரு. ஒங்க கோவில் சாமியாரு. முப்பது வருஷமாத் தெரியும் எனக்கு."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி இறக்கினார். பரிமளா வீட்டுத் தயிரில் எடுத்து வைத்த கரண்டி பக்கத்தில் இருந்தது. ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு அந்த அரைமணி நேரத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று தன் பங்கைத் தானே ஆரம்பித்தார். ரொம்பச் சின்னதாக, ரொம்பச் சூடாக இருந்தது, பெருசாயிற்று, ஆறிற்று. வகுப்பில் சொல்வது மாதிரி வாய்விட்டே சொன்னார். சொல்லி முடித்ததும் அடுத்து வர வேண்டிய கேள்வி வரவில்லை. அது இல்லாமல் மேலே போக முடியாது. அதனால் அதையும் அவரே கேட்டார்.

"அதுக்கு முன்னாடி?"

பழைய பஸ் ஸ்டேஜ் பதில் வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டார். பத்து வயதில் உபதேசியாரிடமிருந்து எந்த வார்த்தையைக் கேட்க ஆசைப்பட்டாரோ, அந்த வார்த்தையை இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்குச் சொன்னதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

"தெரியாது மேரி" என்றார். "நெசமா எனக்குத் தெரியாது."

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டிருப்பாள். வெளியே மினி பஸ் வந்து திரும்பிப் போனது. எவ்வளவு நேரம் போயிற்று என்று அவர் கவனிக்கவில்லை. விரலை வைத்துப் போதும் என்று அவள் சொல்வாள், அப்போது எழுந்துகொள்ளலாம் என்றே பழக்கத்தில் இருந்துவிட்டார். கடைசியில் தானே எழுந்து போய்ச் சுண்டுவிரலைப் பாலில் வைத்தார். பால் சில்லிட்டுப் போயிருந்தது. தீப்பெட்டியை எடுத்து அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தார்.